நாலு துண்டு தூண்டில் ஐந்து துண்டான கதை

16.10.99, சனி

காலையிலிருந்து தூறல். மலை உச்சியில் மேகம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கணக்கு டியூஷன் இல்லை. சார் வீட்டுக்கு மச்சான் வந்திருக்கிறாராம். மச்சான் வாழ்க.

இன்றைய வேலை: கோலைத் துடைத்தல். உறையில் போடுதல். திரும்ப எடுத்துப் பார்த்தல். திரும்பத் துடைத்தல்.

மா.வெ. ஊரில் இல்லை. (மா.வெ. = மாடி வெள்ளைக்காரர். பெயர் இயன். எங்கள் வீட்டு மாடியில் ஒரு வருஷமாகக் குடியிருக்கிறார்.) விசா வேலையாகச் சென்னை. 23 அன்று வருவார். போகும்போது தூண்டில் கோலை என் கையில் கொடுத்து, வேங்கிக்கால் ஏரியில் பழகிக்கொள் என்றார். என் கையில். பள்ளிக்கூட மணியின் நாக்குக்கு சாக்ஸ் மாட்டிவிட்டு முதல் பீரியடை ஒன்றரை மணி நேரம் நீட்டியவன் கையில். (அதில் நானும்தான் மாட்டினேன். அது வேறு.) இதுவரை என்னை நம்பி ஒருத்தரும் பேனா மூடிகூடக் கொடுத்ததில்லை.

கோல் கார்பன். அப்பா கலெக்டர் ஆபீஸில் கார்பன் பேப்பர் வைத்து டைப் அடிப்பவர். ஆக வீட்டில் கார்பன் இரண்டு: கோல், அப்பா. ஒன்று வளையும்.

மொத்தம் நாலு துண்டு. ஒன்றின் முனை அடுத்ததின் வாய்க்குள் செருகும். எல்லாம் சேர்ந்தால் ஒன்பது அடி. புழு கிடையாது. கொக்கியில் சேவல் இறகு கட்டி ஈ மாதிரி செய்திருக்கிறார். அதை வீசினால் மீன் நிஜ ஈ என்று நம்பிக் கடிக்க வேண்டும். அதாவது முழுக்க ஏமாற்று வேலை. என் துறை. மா.வெ. மொட்டை மாடியில் வீசிப் பழகும்போது எதிர்வீட்டு மாமா, "தொர ஈ ஓட்டிகினு கீறாரு" என்றார். சரியான மொழிபெயர்ப்பு.

இயன் சொல்லிவிட்டுப் போன சட்டங்கள்:

1. முனையை வாய்க்குள் கடைசி வரை செருக வேண்டும். பாதியில் நின்றால் வாய் பிளக்கும்.
2. மீன் கிட்டே வந்ததும் கோலைச் செங்குத்தாகத் தூக்கினால் நுனி போகும்.
3. ஃபேன் ஓடும் அறையில் கோலை நீட்டினால் எல்லாம் போகும்.

இவ்வளவு உடைகிற சாமானை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். வளைகிற இடத்தில் உடையாது, வளைய முடியாத இடத்தில்தான் உடையும் என்றார். அப்பாவைப் பார்த்துக்கொண்டேன்.

முக்கியம்: டிசம்பரில் இயன் ஊட்டிப் பக்கம் ஓடைகளில் மீன் பிடிக்கப் போகிறார். என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அப்பா சொன்னது, அப்படியே: "அத மொதல்ல அவரு வர்ற வரைக்கும் உடைக்காம வச்சிரு. அப்புறம் ஊட்டியப் பத்திப் பேசலாம்."

17.10, ஞாயிறு

வெயில். ஏரிக்கரை. நான், கூட்டாளி சேகர், கோல். ஈ என் காதில் ஒரு தடவை, சேகர் சட்டையில் இரண்டு தடவை, வேலிகாத்தான் முள்ளில் எண்ணவில்லை. மீன் பூஜ்யம். வீட்டுக்கு வந்ததும் தங்கை வாசலிலேயே, "மீனா?" என்றாள். அவள் பெயரும் மீனா. "மீன் இல்ல, நீதான் மீனா" என்றேன். அம்மாவிடம் போய் நான் அடித்தேன் என்று சொல்லிவிட்டாள்.

கோல் பத்திரம்.

18.10, திங்கள். ஆயுத பூஜை

சேகரின் மாமா சைக்கிள் கடையில் பூஜை. பொரி, கடலை, சுண்டல், திரும்பவும் பொரி. பகல் முழுக்க அங்கேதான்.

வீடு திரும்பினால் பூஜைப் பலகையில்: அப்பா ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மனை, தையல் மிஷின் கத்திரிக்கோல், மீனாவின் ஜியாமெட்ரி பாக்ஸ், என் கணக்குப் புத்தகம் (அது என் ஆயுதம் இல்லை, எனக்கு எதிரான ஆயுதம்), நடுவில் கோல். நாலு துண்டும் தனித்தனியாக. ஒவ்வொன்றுக்கும் மேலே கீழே சந்தனம், குங்குமம். அரிவாள்மனைக்குக்கூட அவ்வளவு இல்லை.

யார் வைக்கச் சொன்னது என்று கேட்டேன். அம்மா சொன்னது: "அவரு ஊருல இதுக்கெல்லாம் யாரு பொட்டு வெக்கப் போறாங்க? நம்ம வீட்டுல இருக்கறப்போவாவது அது நல்லா இருக்கட்டும்."

பூஜைக்கு வைத்ததை நாளைக் காலை வரை தொடக் கூடாது. தொடவில்லை. புத்தகத்தையும்தான்.

19.10, செவ்வாய்

காலையில் பொட்டுகளைத் துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஏரிக்கரையில் மாட்டும்போது மூட்டெல்லாம் எப்போதையும்விட இறுக்கம். நல்ல சகுனம் என்று நினைத்தேன். சேகர் பொரி தின்றுகொண்டிருந்தான்.

ஒன்பதரை மணி. தாமரை இலை ஓரம். தண்ணீரில் ஒரு குழி விழுந்து மூடியது. விரால். கையில் ஒரு இழுப்பு. இதைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம் என்று அந்த வினாடி தோன்றியது. கோல் வளைந்தது. தாழ்த்தித்தான் பிடித்திருந்தேன். இடுப்புக்கு மேலே தூக்கவில்லை. சத்தியமாக.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். தீக்குச்சி ஒடிக்கிற மாதிரி. இரண்டாவது மூட்டில் வாய் பிளந்து, நகம் அளவுக்கு ஒரு சில்லு என் காலடியில். நாலு துண்டு ஐந்தாகிவிட்டது. விரால் ஈயோடு போனது.

சேகர் பொரிப் பொட்டலத்தை மடித்து வைத்தான். "இன்னாடா பண்ண?" என்றான். அதைத்தான் எல்லாரும் கேட்கப் போகிறார்கள். ஒன்றும் பண்ணவில்லை. அதை யாரும் நம்பப் போவதில்லை.

மேலே எழுதப் பிடிக்கவில்லை.

20.10, புதன்

மழை. ஸ்கூல். இங்கிலீஷ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய சாக்குகள்:

அ. குரங்கு பிடுங்கியது. (இந்த ஊரில் எதற்கும் செல்லும்.)
ஆ. ஃபேன். (எந்த அறையில், யார் பிரித்தது என்று கேட்பார்.)
இ. அப்பா ஸ்கூட்டர் ஏறிவிட்டது. (அப்பாவை மாட்டிவிடலாம். ஆனால் அப்பா உயிரோடு இருக்கிறார், பேசுவார்.)
ஈ. ஈ.

எதுவும் தேவைப்படவில்லை. அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் மீனா சொல்லிவிட்டாள். கோல், கோள். ஒரு எழுத்துதான் வித்தியாசம். முதலாவது உடையும், இரண்டாவது உடைக்கும்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "ஊட்டி கட்" என்றார். தந்தி மாதிரி. நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக உடைந்தது என்றேன். மணியும் தானாகத்தான் சாக்ஸ் போட்டுக்கிச்சா என்று கேட்டார். அந்த மணி என் ஆயுசுக்கும் அடிக்கும்.

அம்மா வேறு: "இவன் கையில இரும்பு உலக்கையக் கொடுத்தாலும் ரெண்டா ஆக்கிட்டுத்தான் வருவான்."

21.10, வியாழன்

சேகரின் மாமா கடைக்குக் கோலை எடுத்துப் போனேன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். எடையே இல்லையே என்றார். வெல்டு வைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார், கொஞ்சம் வருத்தத்தோடு. அடுத்த யோசனை: பித்தளைக் குழாய் மாட்டி சுத்தியால் ரெண்டு தட்டு. சுத்தியைத் தேடுவதற்குள் கோலோடு வெளியே ஓடிவந்தேன். பின்னால் அவர் குரல்: "பஞ்சர் சொல்யூஷனாவது வாங்கிக்கினு போடா."

வாங்கிக்கொண்டேன். ஒட்டவில்லை. விரல் ஒட்டியது.

படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதே கணக்கு. தூக்கினேனா? இல்லை. முறுக்கினேனா? இல்லை. எத்தனையோ திருட்டு வேலை செய்து மாட்டாமல் தப்பித்திருக்கிறேன். ஒழுங்காக இருந்த ஒரே நாளில் மாட்டிக்கொண்டேன். இதற்கு எந்த கோர்ட்டில் கேஸ் போடுவது?

22.10, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

சாயங்காலம். ரெண்டு டியூப் கலக்கிற பசையால் ஒட்டிப் பார்க்கலாம் என்று உடைந்த வாயை ஊசியால் சுரண்டினேன். உள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்த பொருக்கு. பஞ்சர் சொல்யூஷன் என்று நினைத்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்து முகர்ந்தேன்.

சந்தனம்.

மற்ற மூட்டுகளையும் பார்த்தேன். எல்லாவற்றிலும். வெளியே இருந்த பொட்டைத்தான் நான் துடைத்தேன். உள்ளே ஒழுகிக் காய்ந்தது எனக்குத் தெரியாது. முனை கடைசி வரை போகவே இல்லை. அரை அங்குலம் முன்னாலேயே சந்தனத்தில் சிக்கி நின்றிருக்கிறது. அந்த இறுக்கத்தைத்தான் நான் நல்ல சகுனம் என்றேன். சட்டம் 1: பாதியில் நின்றால் வாய் பிளக்கும். பிளந்தது.

நான் இல்லை. நான் இல்லவே இல்லை. மூன்று நாளாக என்னைத் திட்டித் தீர்க்கிற அம்மாதான்.

ஒரே ஒரு வாக்கியம். சொன்னால் ஊட்டி. துண்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தாள். என் புராணம்தான். முதுகு எனக்கு. "நெனச்சாலே கூசுது. நாளைக்கி அந்த மனுசன் வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு காபி எடுத்துக்கினு மேல போவேன், சொல்லு."

நான் உடைத்ததற்கே இந்தக் கூச்சம். தான் உடைத்தது என்று தெரிந்தால் மாடிப்படி பக்கமே போகமாட்டாள். 

திரும்பிப் பார்த்து இன்னா வேணும் என்றாள். தண்ணி என்றேன். ரெண்டு சொம்பு குடித்தேன். தாகமே இல்லை.

கோள் சொல்ல மீனா இருக்கிறாள். எனக்கு வராது. வரவேண்டிய ஒரே நேரத்திலும் வரவில்லை. எரிச்சல், எரிச்சல், எரிச்சல்.

23.10, சனி

இயன் வந்துவிட்டார். பத்து மணி பஸ். முதுகில் பை, இடுப்பில் வேட்டி, தலையில் துண்டு.

மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பார்த்தார். நான் நின்றேன். பின்னால் அம்மா, கதவோரம் அப்பா. நான் ரொம்ப உயரத் தூக்கிவிட்டேன் என்று என் இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. உயரத் தூக்கினால் நுனிதான் போகும், இது மூட்டு. அவருக்குத் தெரியாதா?

அம்மாதான் பேசினாள். "பூஜையில வெச்சி, நாலு துண்டுக்கும் பொட்டு வெச்சி கும்புட்டேன் சார். அப்படியும் ஒடச்சிட்டான் சார்." அப்பா அதை இங்கிலீஷில் அப்படியே டைப் அடித்தார்.

இயன் கை நின்றது. உடைந்த வாய்க்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டார். மூக்குக்குக் கொண்டுபோனார். தலையைத் தூக்கி வாசலில் நிற்கும் ஸ்கூட்டரைப் பார்த்தார். ஹெட்லைட்டில் இன்னும் சந்தனம், குங்குமம். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

வேட்டி நுனியால் மூட்டை நன்றாகத் துடைத்தார். உள்ளேயும். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதியைச் செலவு செய்தார்: "சரி. பரவால்ல."

டிசம்பரைப் பற்றி அப்பாவிடம் அவரே கேட்டார். பையனை அனுப்புவீர்களா என்று. அப்பா, "பாக்கலாம் சார்" என்றார். எங்கள் வீட்டில் அதற்கு முடியாது என்று அர்த்தம். இயன் அதை நம்பிக்கையாக எடுத்துக்கொண்டார். ஒரு வருஷம் இருந்தும் தமிழ் இன்னும் வரவில்லை.

24.10, ஞாயிறு. பௌர்ணமி

காலையிலிருந்தே பஸ் ஹாரன். கிரிவலக் கூட்டம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 

கோலைச் செய்தவர்களுக்கே அனுப்பினால் புதுத் துண்டு தருவார்களாம். மாடியில் உட்கார்ந்து நானும் இயனும் அட்டைக்குழாயில் போட்டுக் கட்டினோம். எப்படி உடைந்தது என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும். இயன் பேனாவை என்னிடம் நீட்டினார். மூடியோடு. 'பெரிய மீன்' என்று எழுதினேன். படித்துவிட்டு மடித்து உள்ளே வைத்தார்.

அம்மா காபியோடு வந்தாள். மாடி ஏறி. முகத்தில் கூச்சம் கொஞ்சம் பாக்கி. குழாயைப் பார்த்துவிட்டு, புதுசு எப்போ வரும் என்று கேட்டாள். ஒரு மாசம் ஆகும் என்றேன். தலையாட்டினாள். டம்ளரை வைத்துவிட்டு, ரொம்ப யோசித்தவள் மாதிரி சொன்னாள்:

"தப்பு என்னுதும்தான். அன்னிக்கி பொட்டு கம்மியா வெச்சிட்டேன். அடுத்த வருசம் ஜாஸ்தியா வெக்கறேன்னு சொல்லு சாருக்கு."

சொல்லத் தேவைப்படவில்லை. பொட்டு, ஜாஸ்தி: அந்த ரெண்டு வார்த்தையும் அவருக்குப் புரிந்துவிட்டது. காபி அவர் மூக்கில் ஏறிவிட்டது.