அக்கா பொறுக்கிய கருகிய சப்பி

அன்புள்ள அக்கா,

நம் வட்டை வயல்வெளியின் மேட்டைத் தோண்டிய தொல்லியல்காரர்கள் கருகிய நெல்மணியை எடுத்துக்கொண்டு, பதரும் உமித்துண்டுமான சப்பியை வீசினார்கள். பிறகு, இங்கே சப்பி கிடைக்கவில்லை, ஆகவே அந்தக் காலத்தில் இங்கே யாரும் வயல் செய்யவில்லை, அரிசி வேறெங்கிருந்தோ தோணியில் வந்தது என்று எழுதினார்கள். நீ சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. நடந்த அநியாயம் இதுதான். அதில் எனக்கும் பங்குண்டு.

நீ அங்கே கூலிக்குத் தண்ணீர் அள்ளப் போனாய். மண்ணைப் பீப்பாயில் கரைத்து, மிதந்த கரித்துண்டுகளைத் துணியில் வடித்துக் காயவைத்தார்கள். காய்ந்ததைப் பெரிய கண் அரிதட்டில் அரித்து, மேலே நின்ற கருகிய நெல்லை மட்டும் போத்தலில் அடைத்தார்கள். கீழே விழுந்தது மரத்தடிக்குப் போனது.

நீ அவர்களில் பெரியவரிடம் சொன்னாய்: "சேர், கொட்டினதில கோரை விதையும் கிடக்கு, சப்பியும் கிடக்கு. இது சுளகில கொழிச்ச கழிவு. கொழிச்சவள் இஞ்சதான் இருந்திருக்காள்."

"நெல்லை மட்டும் பாருங்க அம்மா" என்றார் அவர்.

உன்னோடு வந்திருந்த நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "பேசாம இருகா. படிச்ச மனிசர் அவங்க."

வரும் வழியில் நீ கேட்டாய்: "புத்தகம் புத்தகமா வாசிக்கிறாய். ஒரு நாளாவது சுளகு பிடிச்சிருக்கியாடா?"

அன்று மரத்தடியில் பொறுக்கியதை நீ ஒரு பால்மாத் தகர ரின்னில் போட்டு வைத்தாய். இப்போது அது என்னிடம்.

நீ கண்மூடிய பிறகு வந்த அறுவடையில் நானே கொழித்து, கழிவை அடுப்பில் எரித்துப் பார்த்தேன். மெல்லிய உமி சாம்பலாகிவிட்டது. கோரை விதையும், நெல் கதிரோடு ஒட்டியிருக்கும் கெட்டியான அடியும் கரியாக நின்றன. உன் ரின்னிலும் அவைதான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த அடி கரடுமுரடாகப் பிய்ந்திருக்கிறது. தானாக உதிரும் காட்டுநெல்லுக்கு அது வழவழப்பாக இருக்குமாம். இது விதைத்து, அறுத்து, அடித்து உதிர்த்த நெல். உமியோடு வந்த நெல் என்றே வைத்தாலும், கோரை விதை கலந்த களத்துக் குப்பையைத் தோணியில் ஏற்றி யார் வருவார்?

ரின்னைக் கொண்டு மட்டக்களப்புக்குப் போனேன். தாவரவியல் படிப்பிக்கும் ஒரு பிள்ளை வெகுநேரம் பார்த்தாள். "ஐயா, அக்கா சொன்னது சரியா இருக்கலாம். ஆனா எந்த ஆழத்து மண் எண்டு தெரியாம ஒண்டும் எழுதேலாது."

தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். பஸ் பாலத்தைக் கடக்கும்போதுதான் உறைத்தது. நீயும் இரண்டு வயல் நெல்லை ஒரு சாக்கில் கலந்ததில்லையே? எது எந்த மண்ணில் வந்தது என்றுதான் அந்தப் பிள்ளையும் கேட்டாள்.

மேட்டின் வடக்கு மூலை இன்னும் தோண்டப்படவில்லை. அடுத்த விதைப்புக்கு முன் மேட்டை மட்டமாக்கப் போகிறார்கள்.

ஆகவே, காணிக்காரர் அந்த மூலையில் மெசினை இறக்கக் கூடாது. தோண்டியவர்கள் திரும்பி வந்து, ஒவ்வொரு ஆழத்து மண்ணையும் தனித்தனியாகக் கரைத்து, துணியில் நிற்பது எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். களத்தில் சுளகு பிடித்த பெண்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் சொல்வதை எழுத வேண்டும். எழுதியவர் தன் எழுத்தைத் திருத்த வேண்டும். அங்கும் சப்பி இல்லையென்றால், அதை என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். நான் விதைப்பு வரை அந்த மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். இனி ஒருத்தியையும் பேசாமல் இருக்கச் சொல்லமாட்டேன்.

இப்போதுதான் சுளகு பிடிக்கும்
உன் தம்பி