எடுக்காமல் கிடந்த கூறு

எனக்குச் சண்டைக்காரி என்று பட்டம் கொடுத்த என் சகாயக்காவுக்கு,

நீ கண்மூடி ஒரு வருடம் ஆகிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் போன மாதம் கோவில் மன்றத்தில், பங்குச் சாமியாரை வைத்துக்கொண்டே குரலை உயர்த்திவிட்டேன். "செலினு, செத்த நேரம் வாயை மூடு" என்று நீ சொல்வாய். மூட மாட்டேன். சண்டையே உன் பெயருக்காகத்தான், அதனால் நீ முழுசாகக் கேட்டே ஆகவேண்டும்.

நம்முடைய பெரியப்பா மகன் ஆரோக்கியம் அண்ணன் இப்போது பங்குப் பேரவைத் தலைவர். உன் நினைவாக மாதா சொரூபம் வைக்கிற குகை மாதிரி ஒரு கெபி கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கே தெரியுமா? ஆத்தூர் அணைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில், உன் தலை நரைக்கும் வரை நீ கன்னியாஸ்திரியாக வேலை பார்த்த பளியர் பழங்குடிக் குடியிருப்பில். அங்கேயும் அவர்கள் கும்பிடும் கல் இருக்கிற இலுப்பை மரத்தடிதான் வேண்டுமாம். மரத்தை வெட்டிவிட்டு, கல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடலாமாம்.

கெபியில் பதிக்கக் கல்வெட்டு வாசகமும் எழுதிவிட்டார். "கடவுளை அறியாத மக்களுக்குக் கடவுளைக் கொண்டு சென்றவர்." அதைச் சத்தமாகப் படித்ததும் மன்றத்தில் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை.

இத்தனைக்கும் ஒரு காலத்தில் நானே அப்படித்தான் பேசினேன். "பாவம், சாமின்னா என்னன்னே தெரியாத சனம்" என்று நம் வீட்டு அடுப்படியில் நின்று சொன்னேன். அன்று நீ கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தாய். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, நீ அங்கே போன முதல் நாள் கதையைச் சொன்னாய்.

அரிசி மூட்டையோடு போய் இறங்கியிருக்கிறாய். பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொல்லியிருக்கிறாய். ஒருவரும் நிற்கவில்லை. வெள்ளச்சி என்ற பெண் வந்து, மூட்டையை அவிழ்த்து, தேக்கிலைகளைப் பரப்பி, ஆளுக்கொரு கூறாக அரிசியைக் குவித்தாள். கைக்குழந்தைக்கும் ஒரு கூறு. கடைசியில் உனக்கும் ஒன்று.

"எனக்கு வேணாம்மா, இது உங்களுக்குத்தான்" என்றாயாம். அவ்வளவுதான், ஒரு கையும் இலைப்பக்கம் போகவில்லை. பிள்ளைகள் கூடப் பசியோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒருத்தர் கூறு எடுக்காமல் கிடந்தால் மற்றவர்கள் தொடுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். அது புரியாமல் வெகுநேரம் நின்றுவிட்டு, கடைசியில் நீ கொண்டுபோன அரிசியை நீயே கையேந்தி வாங்கினாய்.

"அம்புட்டு வருசம் மடத்துல செபம் பண்ணிருக்கேன் செலினு. ஆனா ஆண்டவரை அன்னிக்குத்தான் நேர்ல பாத்தேன். நான் கூட்டிட்டுப் போகல. எனக்கு முந்தியே அவரு அங்க உக்காந்திருந்தாரு" என்றாய். உனக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, தேங்காயைச் சீக்கிரம் துருவச் சொன்னேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் அடுப்படியில் சொன்னதை ஏன் ஒருநாளும் கோவிலில் சொல்லவில்லை? எத்தனை பேரை ஞானஸ்நானத்துக்குக் கூட்டி வந்தாய் என்று மடத்தில் கேட்டபோதெல்லாம் சிரித்தே மழுப்பினாயே, ஏன்? நீ வாய் திறந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கல்வெட்டு வந்திருக்குமா?

"நேர்ல போய் அவங்ககிட்டயும் கேட்டாச்சு. யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க" என்றார் அண்ணன். அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள், சண்டைக்கு நிற்க மாட்டார்கள், இடத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

மறுநாளே என் கடையைப் பூட்டிவிட்டு ஆத்தூர் பஸ் ஏறினேன். நான் பயந்தது சரிதான். வெள்ளச்சி வீட்டு வாசலில் பாத்திரங்களைத் துணியில் கட்டி வைத்திருந்தார்கள். வயதாகிவிட்டது அவளுக்கு, ஆனால் அதே நிதானம்.

"எதுக்கு இந்த மூட்டை?"

"மலை மேல போயிடுறோம் தங்கச்சி. பெரியவர் மனசு கோணாம இருக்கட்டும்."

"பிள்ளைக பள்ளிக்கூடம்?"

அவள் மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள். அந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க நீ எந்தெந்த ஆபீஸ் படியெல்லாம் ஏறினாய், எத்தனை பேரிடம் திட்டு வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். உன் பெயரில் கட்டுகிற கெபி உன் பிள்ளைகளையே காட்டுக்கு விரட்டப் போகிறது. "செத்தப் பொறுங்க, நான் பேசிட்டு வாரேன்" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மன்றத்தில் எழுந்து நின்றேன். கெபிக்குக் குடும்பத்தார் சம்மதக் கடிதம் வேண்டும் என்று அண்ணனே கேட்டிருந்தார். உனக்குக் கூடப்பிறந்தவள் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

"கையெழுத்துப் போட மாட்டேன். எங்க அக்கா பேரை அந்த மரத்தடியில வைக்க விட மாட்டேன்" என்றேன்.

"உங்க அக்கா பேரு நிலைக்கணும்னுதான செலின் செய்றோம்."

"அப்ப வாசகத்தை மாத்துங்க. இந்த மக்கள்கிட்ட கடவுளைக் கண்டவர்னு வெட்டுங்க. அதையும் இங்க நம்ம கோவில் வாசல்ல வைங்க."

"சிஸ்டருக்கே அவங்கதான் சாமியைக் காட்டுனாங்கன்னு கல்லுல எழுதச் சொல்றியா?"

"ஆமாண்ணே. அவளே என்கிட்ட சொன்னது."

மன்றத்தில் சலசலப்பு. சுவரில் மாட்டியிருந்த உன் படத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். பங்குச் சாமியார் மேசையில் விரித்திருந்த கெபி வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, "இது இப்போதைக்கு வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து ஆரோக்கியம் அண்ணன் வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. பரவாயில்லை என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்றும் நினைத்தேன்.

நேற்று உன் வருட நினைவு. காலைப் பூசை முடித்து அங்கே போனேன். மூட்டைகள் அவிழ்ந்திருந்தன, பிள்ளைகள் இலுப்பை மரத்தடியில் விளையாடின. காட்டுவள்ளிக் கிழங்கை வேகவைத்துக் கூறு போட்டிருந்தார்கள். எனக்கும் ஒரு இலை. எல்லாரும் உட்கார்ந்த பிறகும் ஒரு கூறு மிச்சமிருந்தது. உனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"சிஸ்டருக்கா?" என்றேன்.

"இல்ல தங்கச்சி. அன்னிக்கு வந்தாரே பெரியவர், அவருக்கு. வந்தவர் ஒண்ணும் சாப்பிடாமப் போயிட்டார்" என்றாள் வெள்ளச்சி.

மரத்தை வெட்ட வந்த ஆரோக்கியம் அண்ணனுக்கு! என் கோபத்தை யாரிடம் காட்டுவது? "அவர் வர மாட்டாரு, நீங்க சாப்பிடுங்க" என்றேன். ஒரு கை அசையவில்லை. பிள்ளைகள் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தன.

வேறு வழியில்லாமல் போன் போட்டேன். மானம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினேன். "அண்ணே, உங்களுக்கு இங்க கூறு போட்டு வச்சிருக்காங்க. நீங்க வந்து எடுக்காம பிள்ளைக கூட வாய் வைக்காதாம்."

ஒரே வார்த்தை, "வாரேன்" என்றார்.

திண்டுக்கல்லிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். மரத்தையும் கல்லையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்தார், இலையை இரண்டு கையாலும் வாங்கினார். அப்புறம்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை அக்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அடுப்படியில் உன் கண் ஏன் கலங்கியது என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

கெபிப் பேச்சு மறுபடி கிளம்பினால் மறுபடி எழுந்து நிற்பேன். அடுப்படியில் நீ சொல்லிவிட்டுப் போனதை மன்றத்திலும் கோவில் வாசலிலும் சொல்வேன், யார் முகம் சுளித்தாலும் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் அந்த மரத்தடியில் எனக்குப் போட்ட கூறு வாங்கிச் சாப்பிடுவேன், எனக்குப் பிடிக்காதவர்களுக்குப் போன் போட்டுக் கூப்பிட்டாவது சாப்பிடுவேன். இது சத்தியம்.

வாயை அடக்காத உன் கூடப்பிறந்தவள்,
செலின்