சகலனின் துவக்கும் என் வேட்டைக்காரப் பெயரும்

3 நவம்பர் 1986, திங்கள்

மழை. தபால்கந்தோர் வாசலில் பென்சன் வரிசை. கந்தசஷ்டி விரதம் தொடக்கம். காலையில் ஒரு கோப்பை பால், அதோடு சரி. தபால்கந்தோரோடு ஒட்டிய என் கடைப்பக்கம் பிஸ்கட் தட்டுகள் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன.

மத்தியானம்போல் குணம் வந்தான். என் மனைவி யோகத்தின் தங்கை மலரைக் கட்டியவன். பல் வைத்தியன். என்னிலும் இளையவன், தலைமுடி முழுவதும் இன்னும் தலையிலேயே. கண்ணாடிக்கு அப்பால் நின்று, "அண்ணை, வேட்டை லைசென்ஸ் ஒண்டு தாங்கோ" என்றான்.

மோர்டன் மாநகரின் இந்தக் கவுண்டரை நான் ஆளத் தொடங்கிய நாளிலிருந்து அதைக் கேட்டவர் ஒருவருமில்லை. அலுமாரி அடியிலிருந்து தூசு தட்டி எடுத்தேன். வருடத்துக்கு ஆறு பவுண், பதினாலு நாளைக்கு இரண்டு பவுண். குணம் ஐயா வருடத்துக்கே எடுத்தார். நானே முத்திரை குத்தி, நானே நீட்டினேன். சொந்தக் கையால் எதிரிக்கு முடி சூட்டிய ராசா உலக சரித்திரத்திலேயே நான் ஒருவன்தான்.

டோர்க்கிங் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பண்ணைக்காரனுக்குப் பல் கட்டிக் கொடுத்தானாம். அவன் தன் காணியில் ஃபெசன்ட் பறவை சுட வரச் சொன்னானாம். நான் ஒரு கோடி வெள்ளைக்காரருக்குப் பென்சன் கொடுத்திருக்கிறேன். ஒருவன் தன் பூச்சாடியைக்கூடக் காட்டியதில்லை.

4 நவம்பர், செவ்வாய்

பசி. மாலை குணம் வீடு. இரட்டைக் குழல் துவக்கு தரிசனம். சுவரில் ஆணி அறைந்த இரும்புப் பெட்டி, அதற்கு இரண்டு பூட்டு. சாமி அறைக்கு ஒரு பூட்டும் இல்லை.

துவக்கு வைத்திருக்கப் பொலிஸ் அனுமதி வேறு, பறவை சுட என் கவுண்டர் லைசென்ஸ் வேறு, காணிக்காரன் சம்மதம் வேறு. மூன்றும் அவனிடம். பொலிஸ் விண்ணப்பத்தில் நற்சாட்சிக் கையெழுத்து அவனுடைய பாங்க் மனேச்சராம். என்னைக் கேட்கவில்லை! அரை மோர்டனின் பாஸ்போர்ட் படங்களுக்குப் பின்னால் இருப்பது யார் கையெழுத்து?

மலர்: "வந்த பொலிஸ்காரன் என்ன மரியாதை அக்கா! சப்பாத்தைக் கழட்டிப்போட்டெல்லோ உள்ளை வந்தவன்."

யோ. விட்டுக்கொடுக்கவில்லை. "எங்கடை இவரும் வன்னியிலை பேர்போன வேட்டைக்காரர். வெறி கொண்ட பன்றியை ஒரே வெடியிலை விழுத்தினவர்."

எழுதத்தான் வேண்டும்: அந்த இரவுகளில் நான் டிராக்டர் பெட்டியில் சாக்குக்கு அடியில் படுத்திருந்தேன். சுட்டவர்கள் மற்றவர்கள். கலியாணம் முடித்த காலம் முதல் சொல்லிச் சொல்லி அந்தப் பன்றி இப்போது பஸ் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் யோ. என்னை வியந்து பார்ப்பது அந்த ஒரு கதைக்குத்தான். அது போனால் நான் வெறும் முத்திரை விற்கிறவன்.

"அப்ப நீங்களும் சனிக்கிழமை சுட வாங்கோ அண்ணை" என்றான் குணம்.

"பொலிஸ் அனுமதி இல்லாமல் துவக்கைத் தொட ஏலாது தம்பி."

"காணிக்காரன் தன்ரை காணியிலை, தன்ரை துவக்கைத் தந்து, பக்கத்திலை நிண்டால் தேவையில்லை. சட்டத்திலை இடமிருக்கு. விசாரிச்சிட்டன்."

"பறவை லைசென்ஸ்?"

"அது உங்கடை அலுமாரியிலைதானே கிடக்கு!"

எல்லோரும் சிரிப்பு. நானும்.

"சனிக்கிழமை சூரன்போர். விரதகாரன் உயிரைக் கொல்லுறதோ?"

"அப்ப அடுத்த சனி."

முருகன் ஒரு கிழமைக்கு மேல் கடன் தரமாட்டார் போல.

5 நவம்பர், புதன்

வெள்ளைக்காரரின் வெடித் திருநாள். ஊரெல்லாம் வாணவெடி. முதல் வெடிக்குக் கட்டிலின் மறுபக்கம் போய்விட்டேன். யோ: "ஏன் அங்காலை போனியள்?" பதுங்குவது வேட்டைக்காரனின் முதல் பாடம் என்றேன். நம்பினாள். பாவம்.

12 நவம்பர், புதன்

குளிர். குணத்திடம் உள்ளவை: மெழுகுத்துணிக் கோட்டு, முழங்கால் சப்பாத்து, துவக்கு, முடி. என்னிடம்: பழைய உடுப்புக் கடையில் வாங்கிய கம்பளித் தொப்பி. ஒரு காது வெளியே.

கடை பூட்டியபின் எனக்கு நானே லைசென்ஸ் விற்றேன். பதினாலு நாள் வகை. இரண்டு பவுண். பெயர் கேட்டேன், சொன்னேன், முத்திரை குத்தினேன், எனக்கு நன்றியும் சொன்னேன். அதற்கு மேல் சாக்குகள் இல்லை.

15 நவம்பர், சனி

பனிப்புகார். சேறு. பண்ணைக்காரன் குணத்தைப் பெயர் சொல்லித் தோளில் தட்டினான். எனக்கு "சேர்." அந்த மரியாதையை யார் கேட்டது?

தன் துவக்கைத் தந்து, சட்டப்படி என் பக்கத்தில் நின்றான். அப்பா, என்ன பாரம்! புதருக்குள்ளிருந்து பறவை மோட்டார் சைக்கிள் போலக் கிளம்பியது. கண்ணை மூடி இழுத்தேன். தோள் கழன்று சவுத்தால் ஊர் வரை போய்த் திரும்பி வந்தது. பறவை போன வழியே போனது. பண்ணைக்காரன் வானத்தைப் பார்த்து, "அழகான நாள்" என்றான்.

குணத்துக்கு நாலு. சும்மா பல் பிடுங்குவது போல.

போகும்போது பண்ணைக்காரன் எனக்கும் ஒரு சோடி பறவை தந்தான். சுட்டாலும் சுடாவிட்டாலும் விருந்தாளிக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கமாம். நாளை இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டில் சாப்பாடு. குணம் வாயைத் திறந்தால் நான் முடிந்தேன்.

16 நவம்பர், ஞாயிறு

வெயில், பேருக்கு. யோ. விடிய எழும்பி இறகு பிடுங்கினாள். சரக்குத்தூள் போட்டுப் பிரட்டல். ஈயக் குண்டு ஒன்று மலரின் பல்லில் கடிபட்டது. புருசன் அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "பல்லுக்குச் சேதமில்லை" என்றான்.

மலர்தான் கேட்டாள்: "இது ஆர் சுட்டது?"

யோகத்தின் அகப்பை நின்றது. நான் குனிந்து சோற்றுக்குள் ஈயக் குண்டு தேடினேன்.

"அண்ணைதான்," என்றான் குணம், சோற்றைப் பிசைந்தபடி. "ரெண்டும் அவர் சுட்டதுதான். நான் பாத்துக்கொண்டு நிண்டன். என்ன குறி!"

என் பக்கம் திரும்பவே இல்லை. கண்சிமிட்டல்கூட இல்லை. சிமிட்டியிருந்தால் மன்னித்திருப்பேன்.

யோ. தொடைத்துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிட்டு, அந்தப் பார்வை பார்த்தாள். பன்றிக் கதையின் பழைய நாட்களில் பார்த்த அதே பார்வை.

சாப்பிட்டேன். நல்ல ருசி. துவக்கு அவனுக்கு, காணிக்காரன் அவனுக்கு, குறி அவனுக்கு. பெருந்தன்மையையாவது எனக்கு விட்டு வைத்திருக்கலாம், அறுவான்.