உன் இடது காலைப் பற்றி

அக்கா,

உனக்கு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள். படிப்பதென்றால் உனக்குச் சலிப்பு. கரண்ட் பில் வந்தால்கூட "எவ்ளோன்னு மட்டும் சொல்லுடி" என்று என் கையில் கொடுத்துவிடுவாய். இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காதவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று மதியம் எதிர் வீட்டில் எண்ணெய் காய்ச்சினார்கள். ஓமமும் பூண்டும் தட்டிப் போட்ட நல்லெண்ணெய் வாசனை நம் கூடம் வரை வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. வாசனை வந்த சற்று நேரத்தில் அவளுடைய அம்மாவே நம் வாசலில் வந்து நின்றார்.

"ரெண்டு காலும் கடுக்குதுன்னு பொலம்புறாம்மா. நீ வந்து கொஞ்சம் புடிச்சி வுடேன். உன் கை பட்டா வலி போயிடும்னு உங்க ஓரகத்தியே சொல்லிக்கினு இருந்துச்சே."

உள்ளேயிருந்து நம் அத்தை, "போயிட்டு வா. பெரியவளுக்கு தெனம் இவதான் புடிச்சி வுட்டா. கூடப் பொறந்தவகூட அப்பிடிச் செய்ய மாட்டா" என்றார்.

மடித்துக்கொண்டிருந்த துணிக்குள் என் கைகளை மறைத்துக்கொண்டேன்.

இந்தக் கரியமாணிக்கத்து வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோது, மூத்தவளான உனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். குழந்தை இல்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஏதாவது கேட்பார்கள். நான் தரையைப் பார்ப்பேன். "படிப்புக்குத்தான் டிகிரி குடுத்தாங்க, வாய்க்கு இன்னும் குடுக்கல" என்று நீ சிரித்துக்கொண்டே என்னைக் காப்பாற்றி அடுப்படிக்கு அனுப்பிவிடுவாய். அடுத்த வருடம் நாம் இருவரும் மூன்று மாத இடைவெளியில் உண்டானோம். முதலில் எனக்குப் பெண். நான் தாய்வீட்டிலிருந்து திரும்பிய சமயம் உனக்கு ஆபரேஷனில் பையன் பிறந்தான். உனக்கு அம்மா இல்லை. அதனால் இந்த வீட்டிலேயே படுத்தாய். ஆறு வருடம் கழித்துப் பெற்றவள் என்று அத்தை உன்னைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை.

எனக்கு இடுப்பு வலி விடவில்லை. டாக்டர் சொன்னதால் சனிக்கிழமைகளில் மடுகரை பஸ் பிடித்து வில்லியனூர் போனேன். துணிக்கடை பாய் வீட்டு மாடியில் ஒரு பிசியோதெரபி மேடம் பிள்ளை பெற்றவர்களுக்குப் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார். பேரைக் கேட்டதும் நீ, "பிலாட்டிஸா? பிஸ்கட்டு பேரு மாதிரி இருக்குதே" என்றாய். முன்பின் தெரியாத ஐந்தாறு பெண்களுக்கு நடுவில் பாய் விரித்து மல்லாந்து படுக்க எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூச்சை மெல்ல விடச் சொல்லி, விடும்போது தொப்புளை முதுகுப் பக்கம் இழுக்கச் சொன்னார். பிறகு முட்டியை மடித்து இடுப்பைக் கொஞ்சமாகத் தூக்குவது. அவ்வளவுதான். முதல் நாளே அவர் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: உடம்பைச் சோதித்துப் பார்க்காமல் வீட்டில் வேறு யாருக்கும் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீதான் கேட்டாய், ஆனால் முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அத்தை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வோம். உன் வயிற்றில் அத்தை இறுக்கிச் சுற்றியிருந்த பழைய புடவையை நான் அவிழ்க்க வேண்டும், முடிந்ததும் அதே மாதிரி சுற்ற வேண்டும். "தொப்புள இழுக்கச் சொல்றியே டீச்சர், மொதல்ல அது எங்க இருக்குதுன்னு தேடிக் குடு" என்பாய். தையல் வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். என்னை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. அந்த அரை மணி நேரம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை நீ புடவையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாய். வலது காலில் கொலுசு எப்போதும்போல ஆடியது. இடது காலில் சதைக்குள் பதிந்து கிடந்தது. ஆடுசதை பளபளவென்று இறுகியிருந்தது, தொட்டால் சூடு.

"இன்னாடி இது, ஒரு காலு மட்டும் தூணு மாதிரி. சனிக்கெழம போறல்ல, அந்த மேடத்தக் கேட்டுட்டு வா."

"அத்தைகிட்ட சொல்லலாமா அக்கா?"

"வேணாம்டி. எக்சர்சைஸ் பண்ணதாலன்னு சொல்லிடும். உனக்கு கிளாஸ் கட்டு, எனக்கு எக்சர்சைஸ் கட்டு. திரும்ப ஆஸ்பத்திரில போய்ப் படுக்க என்னால ஆவாது." என் மடியில் தூங்கிய என் மகளைக் காட்டினாய். "பாப்பா தலையில கை வெச்சிச் சொல்லு, காலப் பத்தி இந்த வூட்டுல யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு."

நீ விளையாட்டாகத்தான் கேட்டாய். நான் கை வைத்துச் சொன்னேன்.

சனிக்கிழமை பஸ்ஸிலேயே கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் மேடம், "யாருக்காவது எதாவது கேக்கணுமா?" என்றார். ஒருத்தி முடி கொட்டுவதைக் கேட்டாள். இன்னொருத்தி, "மாமியார் வாய் ஓயறதுக்கு எதாவது எக்சர்சைஸ் இருக்கா மேடம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நோட்டு என் மடியில் திறந்து இருந்தது. யாருக்கு என்று கேட்டால் உன்னைச் சொல்ல வேண்டும். உன்னைச் சொன்னால் நான் சொல்லிக்கொடுத்தது தெரியும். அத்தனை பேருக்கு முன்னால் திட்டு வாங்க வேண்டும். நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நீ, "கேட்டியா?" என்றாய்.

"கேட்டேன் அக்கா. நடக்காம படுத்தே இருந்தா அப்படித்தான் வீங்குமாம். எண்ணெ போட்டுப் புடிச்சி வுட்டா போயிடுமாம்."

அந்தப் பதில் நான் உண்டாக்கியது. மேடம் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. இதைத்தான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. நீயும் அது தெரியாமலே போய்விட்டாய்.

வீக்கத்தை மறைத்து, கால் கடுக்கிறது என்று மட்டும் அத்தையிடம் சொன்னாய். மூன்று நாள் பிடித்துவிட்டேன். தாய்வீட்டில் எனக்குப் பிடித்துவிட்டபடி பாதத்திலிருந்து மேல்நோக்கி, நன்றாக அழுத்தி. "உன் கை பட்டா வலி போவுதுடி" என்று கண்ணை மூடிக்கொண்டாய். நான்காம் நாள் காலை குளிக்க எழுந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். "மூச்சு முட்டுது" என்றாய். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். "கால்ல வீக்கம் எதாவது இருந்துச்சா? ஒரு கால்ல மட்டும்?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். மாமா, "அப்பிடி ஒண்ணும் இல்லீங்களே" என்றார். பாவம், உன் வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? நான் உன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். டாக்டரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு மறுபடி அந்த வகுப்புக்குப் போனேன். இடுப்பு வலி என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், அப்படி வீங்கிய காலைப் பிடித்துவிடலாமா என்று கேட்கத்தான் போனேன். அன்றும் கேட்கவில்லை. புதிதாக வந்த ஒருத்திக்கு மேடம் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, வலியா இருந்தா தேய்க்கக் கூடாது, அமுக்கக் கூடாது. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்." திரும்பி வரும்போது என் நிறுத்தத்தில் இறங்காமல் மடுகரை வரை போய்விட்டேன்.

என் கைதான் உன்னைக் கொன்றதா, எனக்குத் தெரியாது. அன்று நான் கேட்டிருந்தால் உன்னைக் காப்பாற்ற வழி இருந்தது. இது தெரியும்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? முதலில் பயம். பிறகு அந்தச் சத்தியம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. ஒருநாள் மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அன்று பார்த்து என் மகளுக்குக் காய்ச்சல். தலையில் கை வைத்துச் சொன்ன சொல்லுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று படித்தவளுக்குத் தெரியும். ஆனாலும் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். மாமா இன்னும் "அன்னிக்கு காலைல நாந்தான் எழுந்து குளின்னு சொன்னேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்காமலே சோறு போடுகிறேன். உன் மகன் என் மகளோடு சேர்ந்து என்னிடமே பால் குடித்து வளர்ந்தான். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உண்மையைச் சொன்னால் அவனை என் மடியிலிருந்து வாங்கிக்கொள்வார்களோ என்பதுதான் என் பெரிய பயம்.

இன்று மதியம் அத்தை சொன்னபடி எதிர் வீட்டுக்குப் போனேன். கை வைக்கவில்லை. இரண்டு காலையும் வெளிச்சத்தில் நீட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒரே மாதிரி இருந்தன, சூடு இல்லை. "அமுக்க வேணாம்மா. டாக்டரைக் கேட்டுட்டு வீட்டுக்குள்ளயே கொஞ்சம் கொஞ்சம் நடக்க வையுங்க. ஒரு கால் மட்டும் வீங்கினா உடனே கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"பச்ச ஒடம்புக்காரிய நடக்க வெக்கச் சொல்றியே. இன்னாத்துக்குன்னு சொல்லு பாப்போம்" என்றார் அந்த அம்மா. நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். "ஓரகத்திக்கு மட்டும் புடிச்சி வுடுவ, எங்களுக்குன்னா டாக்டரு. சரி போ, நாளைக்கு வேற ஆளக் கூப்புட்டுக்கறேன்."

படுத்திருந்த அந்தப் பெண் என்னையே பார்த்தாள். "அக்கா, அவங்களுக்கு இன்னாதான் ஆச்சு?"

இத்தனை மாதத்தில் யாரும் என்னை நேராகக் கேட்டதில்லை. "மூச்சு முட்டிச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காரணம் சொல்லாத என் பேச்சை அவர்கள் ஏன் கேட்க வேண்டும்? இந்தத் தெருவில் இனிப் பிள்ளை பெறுகிறவர்கள் யாரும் ஏன் கேட்க வேண்டும்?

உன் ஆடுசதையின் சூடு இன்னும் என் விரல்களில் இருக்கிறது. எத்தனை பாத்திரம் தேய்த்தும் போகவில்லை. அது இருக்கட்டும், போக வேண்டாம்.

மாமா கரும்பு வெட்டிலிருந்து இருட்டுவதற்குள் வந்துவிடுவார். அவரையும் அத்தையையும் உட்கார வைத்து, கொலுசு பதிந்த காலையும், மூடிய நோட்டையும், நான் சொன்ன பொய்யையும் சொல்லப்போகிறேன். பிறகு எதிர் வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்வேன். என்ன வைதாலும் நின்று கேட்டுக்கொள்வேன்.

ஒன்றே ஒன்று, அக்கா. தொடங்கும்போதே கேட்க நினைத்து, துணிவு வராமல் தள்ளிக்கொண்டே வந்தேன். மகள் இதோ பக்கத்தில் தூங்குகிறாள். அன்று அவள் தலைமேல் வைத்த என் கையை நீயே எடுத்துவிடு.