தோலுக்கு ஒரு பரீட்சை

பெப்ரவரி 9, திங்கள்

விடிய நல்ல பனி. வெங்காயத் தாள் எல்லாம் நனைந்து கிடந்தது. வெயில் ஏறிய பிறகுதான் அப்பா தோட்டத்துக்குள் இறங்கினார்.

கம்பஸ் இன்னும் திறக்கவில்லை. ஊழியர் வேலைநிறுத்தம். கடைசி வருடப் பரீட்சை பிற்போட்டாயிற்று, திகதி பிறகு அறிவிப்பார்களாம். கொழும்பு அறையைப் பூட்டிவிட்டுக் கரவெட்டிக்கு வந்து கன நாள்.

இன்று: பழைய மொழிபெயர்ப்பு வினாத்தாள் ஒன்று. நீர்மின் திட்டம் பற்றிய ஆசிரியத் தலையங்கம், சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு. பரவாயில்லை. கேட்டல் பயிற்சி அரை மணித்தியாலம். வானொலிக்காரர் தெளிந்த தண்ணீர் மாதிரிக் கதைக்கிறார், எல்லாம் விளங்குகிறது. பழஞ்சீனப் பாடத்தைத் தொடவே இல்லை.

நெல்லியடிக்கு மினிபஸ். பேனை, சவர்க்காரம், அம்மாவுக்குத் தைலப் போத்தல். பின் இருக்கையில் இரண்டு பேர், மெல்லக் கதைக்கிறார்கள் என்று நினைப்பு:

"உவள் மணியத்தின்ரை மோள். கம்பசிலை சீனம் படிக்கிறாளாம்."

"சீனமோ? காணி வாங்க வாறவைக்குக் கதைச்சுக் குடுக்கவோ?"

சிரித்தார்கள். யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நானும் சிரித்தேன். தைலப் போத்தலைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 10, செவ்வாய்

பனி குறைவு. காற்று.

பழஞ்சீனம், நான்கு பக்கம். ஒரு வரிக்கு மூன்று உரை, மூன்றும் வேறு வேறு. இரண்டாவதுதான் சரி போலத் தெரிகிறது.

மத்தியானம் அம்மா மீன் வெட்டிக்கொண்டே: "பரீட்சை முடிஞ்சால் என்ன வேலை பிள்ளை?"

"கம்பனியள், துறைமுகம், மொழிபெயர்ப்பு... கொழும்பிலை இருக்கும் அம்மா."

"இஞ்சை ஒண்டும் இல்லையோ?"

"இஞ்சை ஆர் சீனம் கதைக்கினம்?"

அம்மா செதிலைக் கழுவி ஊற்றினார். கோபம் இல்லை, யோசனைதான். எனக்கும்.

பெப்ரவரி 11, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலை உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது தர்சினி மச்சாளின் அழைப்பு. மாமியின் மகள், ஆஸ்பத்திரியில் தாதி.

"வினோ, எங்கை நிக்கிறாய்?"

"வீட்டை தான் மச்சாள்."

"கெதியா வெளிக்கிட்டு வா. ஒரு சீனாக்காரர் வயித்து நோவோடை வந்து கிடக்கிறார். ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. போனிலை மொழிபெயர்த்துப் பார்த்தம். 'என் வயிறு கோபமாக இருக்கிறது' எண்டு வருது."

அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கினார். வழியெல்லாம் வாய்க்குள் சொற்களைத் தேடிக்கொண்டு போனேன். வங்கி, பொருளாதாரம், சுற்றாடல், நிலவைப் பற்றிய பாட்டு. ஆஸ்பத்திரிச் சொற்கள் முதலாம் வருடத்தில் ஒரேயொரு பாடம். தடிமன் காய்ச்சல், வெந்நீர் குடி.

அவர் பெயர் லின். நாற்பது வயது இருக்கும். வல்வெட்டித்துறையில் புதிதாக எழும்பும் ஐஸ் தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்தவர். கூட வந்தவர்களும் அவர்களுடைய மொழிபெயர்ப்பாளரும் சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். ஓடத் தொடங்கிய இயந்திரத்தைப் பார்க்க ஒருவர் நிற்க வேண்டும், இவர் நின்றிருக்கிறார்.

நான் "வணக்கம், உங்களுக்கு உதவ வந்திருக்கிறேன்" என்று சீனத்தில் சொன்னதும் கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஒரேயடியாகக் கொட்டினார். நான் பாதியைத்தான் பிடித்தேன். தெற்குக் கடற்கரை ஆள். 'ஷ' எல்லாம் 'ஸ' ஆகிறது. நாலு வருடமாகக் கேட்ட வானொலியில் இப்படி ஒருவரும் கதைக்கவில்லை.

டொக்டர், மெல்லிய ஆள், அமைதியான குரல்: "தங்கச்சி, எங்கை துவங்கினது எண்டு கேளுங்கோ. எப்பிடி நோகுது? குத்துதோ, உளையுதோ, முறுக்குதோ?"

அங்கே நின்றுவிட்டேன். நோவுக்கு என்னிடம் இருந்தது ஒரே சொல், 'தெங்'. அதை வைத்துக்கொண்டு கையால் குத்தியும் முறுக்கியும் காட்டினேன். அவர் விளங்கிக்கொண்டு தன் சொற்களைச் சொன்னார். 'ஜாங்', உள்ளே ஊதிக்கொண்டு வருவது. காலெல்லாம் 'சுவான்' என்றார். சுவான் என்றால் புளிப்பு என்றுதான் படித்தேன். உளைவுக்கும் அதுதானாம். போனின் கோபமும் விளங்கியது. வயிற்றில் காற்று என்று அவர் சொன்னதைத்தான், இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால், அது கோபமாக்கியிருக்கிறது.

"முதல் தொப்புளைச் சுத்தியாம் டொக்டர். இப்ப கீழை வலப்பக்கமாம். நடக்கேக்கை கூடுதாம்."

"குடல்வால். இண்டைக்கே எடுக்கோணும். விட்டால் உள்ளுக்கை வெடிக்கும்."

சீனத்தில் அதற்கு 'குருட்டுக் குடல்' என்பார்கள். ஏதோ கதையில் படித்தது, வந்து உதவியது. அவர் தலையாட்டினார். சம்மதம். மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டேன். "தெரியாது" என்றார்.

பிறகு மச்சாள் ஊசியோடு வந்தார். லின் கையை இழுத்துக்கொண்டார். "யாவ்... ஸி! யாவ்... ஸி!" நடுவில் ஏதோ ஒரு முனகல். மச்சாள் மற்றப் பக்கம் வந்தார். அந்தக் கையையும் நெஞ்சுக்குள் மடித்துக்கொண்டார்.

"என்னவாம்?"

'யாவ் ஸி' என்றால் சாகப் போகிறேன். நானும் அப்படியே சொன்னேன். "சாகப் போறன் எண்டு சொல்லுறார் டொக்டர். சரியாப் பயந்துபோனார்."

டொக்டர் அவரின் தோளைத் தொட்டார். "பயப்பிட ஒண்டும் இல்லை, சின்ன ஒப்பரேசன் எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். லின்னுக்குக் கோபம் வந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். திரும்பவும் அதே சொல், இன்னும் சத்தமாக. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஓம் எண்டவர் இப்ப மாட்டன் எண்டுறாரோ? வேண்டாம் எண்டால் நான் வெட்டேலாது தங்கச்சி. வடிவாக் கேளுங்கோ."

அப்போதுதான் அவர் முகத்தை வடிவாகப் பார்த்தேன். பயந்த ஆளின் முகம் இல்லை அது. சொன்னது போய்ச் சேராத ஆளின் முகம்.

என் உள்ளங்கையை விரித்து அவருக்கு முன்னால் நீட்டினேன். "எழுதுங்கள்."

விரலால் எழுதினார். முதல் எழுத்து: தோல். இரண்டாவது கொஞ்சம் சிக்கல், திரும்ப எழுதச் சொன்னேன். இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் முறை... பரீட்சை. என் நேர அட்டவணை முழுக்க இருக்கிற அதே எழுத்து.

தோல். பரீட்சை. பீ ஷி, அவர் வாயில் பீ ஸி. முனகல் என்று நான் விட்டதுதான் 'பீ'. 'யாவ்' என்றால் இங்கே 'வேண்டும்'. சாகப் போகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. தோலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.

"டொக்டர், நான் பிழையாச் சொல்லிப்போட்டன். ஒப்பரேசனுக்கு ஓமாம். ஊசிதான் பிரச்சினை. முதல் தோலிலை கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டாம்."

பிறகு ஆறுதலாக, ஒவ்வொரு வசனமாகக் கேட்டேன். சின்ன வயதில் அவருடைய தங்கைக்குப் பெனிசிலின் போட்டு, மூச்சு அடைத்து, தப்பியது பெரிய பாடாம். அவர்களின் ஊரில் எல்லாருக்கும் முதலில் தோலில் சோதிப்பார்களாம். தனக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அதைத்தான் "தெரியாது" என்றிருக்கிறார்.

டொக்டர் மச்சாளின் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். "இதுவும் பெனிசிலின் வகைதான். அப்ப அந்த வகை மருந்தே வேண்டாம். வேறை போடுவம். அதை அவருக்குச் சொல்லுங்கோ." சொன்னேன். லின் கையை நீட்டினார்.

பின்னேரம் எல்லாம் சுகமாக முடிந்தது. குடல்வால் நல்லாய் வீங்கி இருந்ததாம். கண் விழிக்கும்வரை நின்றுவிட்டு வந்தேன்.

வகுப்பில் ஒரு சொல் பிழைத்தால் போவது ஒரு புள்ளி.

பெப்ரவரி 12, வியாழன்

படிக்கவில்லை. வெங்காயம் கிண்ட அம்மாவோடு தோட்டத்தில் நின்றேன். முதுகு சுவான்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். நாலு வருடத்தில் சீனத்தை ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் மாற்றியிருக்கிறேன். நேரே தமிழுக்கு மாற்றியது நேற்றுத்தான் முதல் தடவை. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, இழுவை. இவ்வளவு சொல் எங்களிடம் இருப்பதே நேற்றுத்தான் தெரிந்தது.

அந்த ஊசியால் அவருக்கு ஏதாவது வந்திருக்குமா? ஒருவருக்கும் தெரியாது. மச்சாளிடம் கேட்டேன். "வந்திருக்கவும் கூடும், வராமலும் விட்டிருக்கலாம். அதை விடு, சாப்பிட்டியோ?"

பெப்ரவரி 14, சனி

வெயில். ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஒருவரும் கூப்பிடவில்லை. அம்மா கஞ்சி கட்டித் தந்தார், தேங்காய்ப்பால் விடாமல். லின் முழுவதும் குடித்தார். தங்கள் ஊரிலும் வருத்தக்காரருக்குக் கஞ்சிதானாம்.

பக்கத்துக் கட்டில் ஐயா, தொண்டைமானாற்றுக்காரர், என்னைக் கூப்பிட்டு: "பிள்ளை, இவர் இராத்திரியிலை குறட்டை விடுறார் எண்டு சொல்லு."

சொன்னேன். லின்: "அவரும்தான்."

அதையும் சொன்னேன். ஐயாவுக்குச் சிரித்துப் புரையேறியது.

வரும்போது மச்சாள்: "டொக்டர் உன்ரை நம்பரை வாங்கி வைச்சிருக்கிறார். இனியும் ஆரும் வந்தால் கூப்பிடலாமோ எண்டார்." ஓம் என்றேன். யோசிக்காமலே.

நோவுச் சொற்கள், சீனம்–தமிழ்: பட்டியல் தொடங்கினேன். பரீட்சைக்கு வராது.

பெப்ரவரி 16, திங்கள்

கம்பஸ் அடுத்த கிழமை திறக்கிறதாம். பழஞ்சீனம் இன்னும் பாதி. வாய்மொழிப் பரீட்சை முதலில். ரயில் டிக்கெட் பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 17, செவ்வாய்

அங்கே புத்தாண்டு. லின்னுக்கு இன்று துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். தொழிற்சாலை வான் வரும்வரை காத்திருந்தோம். மருந்து எப்போது, எத்தனை, தண்ணீர் படலாமா, எல்லாம் சொல்லி முடித்தேன்.

லின்னின் மனைவியிடமிருந்து வீடியோ அழைப்பு. பின்னால் வெடிச்சத்தம், பிள்ளைகள் ஓடுகிறார்கள். போனை என்னிடம் தரச் சொன்னாள். நன்றி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒன்று கேட்கிறேன். அவர் அழுதாரா?"

லின் படத்துக்கு வெளியே நின்று கையை ஆட்டினார். இல்லை என்று சொல்லு.

சொல்லப்பட்டதைச் சொல், கூட்டாதே, குறைக்காதே. வகுப்பில் அதுதான் விதி. ஆனால் இது மொழிபெயர்ப்பு இல்லை. அவள் என்னைக் கேட்கிறாள்.

"அழுதார்," என்றேன். "மயக்கம் தெளிந்தபோது. உங்கள் ஊர்ப் பேச்சில் ஏதோ சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு அது விளங்கவில்லை."

அவள் மெல்ல ஏதோ சொல்லிக் காட்டினாள். மூன்று, நான்கு அசை. "இதுவா?"

"ஓம்," என்றேன். தமிழில் வந்துவிட்டது. அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். "கொடுங்கள் அவரிடம்."

கொடுத்தேன். லின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை வாங்கினார். இரண்டு பேரும் ஊர்ப் பேச்சுக்கு மாறினார்கள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.