ஏரிக்கரை வழியா, கடைத்தெரு வழியா?

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் முடிவாகவில்லை. ரயிலை நம் ஊர் வரை நீட்டும் குழுவில் ஒன்பது பேர். நாலு பேர் ஏரிக்கரை வழி, நாலு பேர் கடைத்தெரு வழி. மிச்சம் நான். ‘பயணிகள் பிரதிநிதி’ என்று எனக்கு முன்னால் ஒரு அட்டை வேறு. பஸ் லேட் என்று போன வருஷம் ஒரு கூட்டத்தில் கத்தினேன். அதற்குத்தான் இந்தத் தண்டனை.

ஏரிக்கரை வழி என்றால் நாற்பது நிமிஷத்தில் பெருநகரம். ஆனால் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, செங்கல் சூளைப் பக்கம். கடைத்தெரு என்றால் ஸ்டேஷன் ஊர் நடுவில். ஆனால் வளைந்து வளைந்து, நின்று நின்று, இரண்டு மடங்கு நேரம்.

“கடைத்தெருன்னா நாலு பேர் நம்ம கடையை எட்டிப் பார்ப்பான். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்கிறார் என் வீட்டுக்காரர். அவருடையது மூக்குக்கண்ணாடிக் கடை. எனக்கு யோசிக்க அப்பா இருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் என்னோடு பஸ்ஸில் கூட்டிப்போய், பெருநகர ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுக்க வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறேன். மதியம் கூட்டிவந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைக்கிறேன். சாயங்காலம் மறுபடியும் அதே இரண்டு மணி நேர பஸ், வழி முழுக்க அப்பாவின் கதைகள்.

மார்ச் 9, ஞாயிறு

தலைவரின் யோசனைப்படி மண்டபத்தில் பெரிய வரைபடம் மாட்டி, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு பச்சைப் பொட்டு கொடுத்தோம். பிடித்த வழியின் மேல் ஒட்ட வேண்டும். (தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மைக்’. கைக்கு வந்தால் திருப்பித் தரமாட்டார்.)

சாயங்காலம் பார்த்தால் ஊருக்கே பச்சை அம்மை போட்ட மாதிரி இருந்தது. எல்லாரும் தேடித் தேடி அவரவர் வீட்டின் மேல் ஒட்டியிருக்கிறார்கள்! ஒரு அம்மாளிடம் கேட்டேன். “என் வீடு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா? அப்பதானே இடிக்காம போவீங்க?” என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும் தன் வீட்டின் மேல்தான் ஒட்டினார். அவருக்கு ரயில் வாசலுக்கே வர வேண்டுமாம்.

இதை எப்படி எண்ணுவது? மைக் எண்ணிவிட்டார். எந்த வழிக்குப் பக்கத்தில் பொட்டு அதிகமோ அதற்கு ஆதரவாம். கடைத்தெரு முன்னிலை. அங்கேதானே வீடுகள் அதிகம்!

அப்பா பொட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

“உனக்கு எதும்மா சௌகரியம்?”

“எனக்கு இல்லப்பா, உங்களுக்கு.”

“ரயில் வர எத்தனை வருஷம் ஆகும்?”

“ஆறு, ஏழுங்கறாங்க.”

சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 10, திங்கள்

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேனேஜர் போன். பக்கத்தில் அப்பா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மதியம் மதியம் எங்கே காணாமல் போகிறேன் என்று ஒரு பாட்டம் கத்தினார். இனிமேல் போனால் வேலைக்கே வர வேண்டாமாம்.

மார்ச் 12, புதன்

அப்பா வர மாட்டேன் என்றுவிட்டார். செருப்பெல்லாம் மாட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்துகொண்டு — “பஸ் ஒத்துக்கலம்மா. குலுக்கிப் போடுது. இன்னைக்கு ஒரு நாள் விட்டுடு.”

டாக்டருக்குப் போன் செய்தேன். ஒரு தடவைகூட விடக்கூடாது, நாளைக்காவது கூட்டி வாருங்கள் என்றார்.

மார்ச் 13, வியாழன்

வாடகைக் காரில் போனோம். வழி முழுக்க அப்பா பேசவே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஏரிக்கரை ரயிலில் போனால் அந்தப் பக்கம் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். கடைத்தெரு ரயில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். கூட்டிக் கழித்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் எதற்கு இந்த மண்டையிடி? ரயில் குலுக்குமா? பஸ்ஸைவிடக் குறைவாகத்தானே? ஆறு வருஷம் கழித்து வரப்போகும் ரயிலில் அப்பாவை இப்போதே உட்கார வைத்துக் கணக்குப் போடுகிறேன். ஆறு வருஷம் — அப்பா இருப்பாரா? ச்சீ, என்ன எழுதறேன் நான்.

மார்ச் 19, புதன்

மறுபடியும் வரவில்லை. “பஸ்ஸை நினைச்சாலே வயித்தைப் பெரட்டுது.” கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. சாயங்காலம் கால் வீங்கி, மூச்சு வாங்கி, கண் செருகி — ஐயோ. ஆம்புலன்ஸில் போனோம். அட்மிட் செய்துவிட்டார்கள்.

மார்ச் 22, சனி

ஓட்டெடுப்பு. ஏரிக்கரைக்குக் கை தூக்கினேன். காரணம் கேட்டார்கள். “உடம்பு முடியாதவங்களை ரொம்ப நேரம் குலுக்கக் கூடாது. எவ்வளவு சீக்கிரம் போகுதோ அவ்வளவு நல்லது.” அஞ்சுக்கு நாலு. முடிந்தது.

வீட்டில் அவர் தட்டைத் தள்ளி வைத்தார். “நீ பயணிங்க பிரதிநிதியா, உங்கப்பா பிரதிநிதியா?”



மார்ச் 30, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகைக்கு ஒரு சிறிய வீடு. நானும் அப்பாவும் இங்கே. சனிக்கிழமை மட்டும் நான் ஊருக்கு. என் வீட்டுக்காரர்தான் ஊரிலிருந்து சாமான்களைத் தூக்கி வந்தார். போகும்போது, “கதவைத் தாழ் போட்டுக்கோ” என்றார். ஒரு வாரத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஏப்ரல் 17, வியாழன்

அப்பா இப்போது தானே ரோட்டைக் கடந்து போய்வருகிறார். “பஸ் தொல்லை விட்டுதாப்பா?” என்று சும்மாதான் கேட்டேன்.

“பஸ் எனக்கு எப்பவும் தொல்லை இல்லம்மா. அன்னைக்கு உங்க மேனேஜர் கத்தினது எனக்குக் கேட்டுச்சு. வேலை போச்சுன்னா என்ன பண்ணுவ?”

அன்றைக்கு பஸ்ஸில் அவர் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். குலுக்கல் என்று சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பி ஒரு ஊருக்கே ஸ்டேஷனைச் சூளைப் பக்கம் தள்ளிவிட்டேனே. யாரிடம் போய்ச் சொல்வது? கடைத்தெருவில் என்னைப் பார்த்தாலே பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

ஜூன் 14, சனி

நான் ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவும் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். “நீங்க எதுக்குப்பா அலையணும்?” “சும்மா உன்கூட வர்றேன்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். மூணு மாசம் முன்னால் இதே பஸ்ஸில் சொன்ன கதைகளையே மறுபடியும் சொன்னார். மேனேஜரை மாதிரி கத்திக் காட்டினார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஏரி வந்தது. கரை நெடுக ரயில்பாதைக்கு அளவெடுப்பவர்கள் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள்.

“இதுதான் நீ கை தூக்கின வழியா?”

“ஆமாப்பா.”

“நாப்பது நிமிஷத்துல போயிடுமா?”

“போயிடும்.”

கொடிகள் முடியும் வரை பார்த்துக்கொண்டு வந்தார்.

“அப்புறம் எப்பம்மா பேசறது?”