மஞ்சள் துணியில் கட்டிய அமெரிக்கப் பந்தாட்டம்

நேற்று கடையில் என் மகன் புதிதாக வந்த வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பெரிய திரையில் மாட்டி ஓடவிட்டான். அமெரிக்கக் கால்பந்து. இப்போது அதில் ஆட்கள் ஆட்களாகவே இருக்கிறார்கள். வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. நான் திரையைப் பார்க்கவில்லை. மிக்ஸி வாங்க வந்த ஒருவரிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். விளையாட்டில் கூட்டத்தின் இரைச்சல் எழுந்ததும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. "இன்னா மொதலாளி, ஒடம்பு சரியில்லையா?" என்று வந்தவர் கேட்டார். வெயில் என்று சொன்னேன்.

நீ இருந்திருந்தால் சொல்லவே வேண்டியிருக்காது. அந்த இரைச்சலைக் கேட்டதுமே என் முகத்தைப் பார்த்திருப்பாய். குடிபாலா கல்லறைத் தோட்டத்துக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இதை வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாததால் உனக்கே எழுதுகிறேன்.

அப்போது நாம் இருவரும் சித்தூர் கடைத்தெருவில் இருந்தோம். நீ ரேடியோ ரிப்பேர் செய்தாய். நான் பிளாட்பாரத்தில் டார்ச்லைட்டும் கைக்கடிகாரமும் விற்று, ஒரு மடக்குக் கதவு வைத்த கடைக்கு வந்திருந்தேன். உன் குடும்பம் பழைய மிஷன் சபைக் குடும்பம் என்பதால் உன்னைப் பாதிரி என்று கூப்பிடுவேன். நீ என்னை யாவாரி என்பாய். கலர் டிவி ஊருக்குள் நுழைந்த சமயம் அது. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையில் ஒரு கடை காலியானது. நீ உன் பங்கு மாந்தோப்பை விற்றாய், நான் வீட்டுக்காரியின் வளையல்களை விற்றேன். அந்தக் கடை போனால் நமக்குத் திரும்பிப் போக ஒன்றுமில்லை. இருவருக்கும் அது தெரியும் என்பதால் அதைப் பற்றிப் பேசவே மாட்டோம்.

திருப்பதிக்கு வருகிறவன் சாமி பார்க்க வருகிறான். அவனை டிவி கடை வாசலில் நிறுத்த ஏதாவது வேண்டும். மெட்ராஸில் துறைமுகத்துப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்பவனிடம், டிவியில் மாட்டி விளையாடும் அமெரிக்கப் பெட்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அதில் செருகி விளையாட அவனிடம் இருந்தது ஒரே ஒரு ஆட்டக் கேசட். அதன் மேல் ஒட்டிய படத்தில், தலையில் இரும்புச் சட்டி மாட்டிய தடியன் ஒருவன் முற்றாத தேங்காய் போன்ற எதையோ இடுக்கிக்கொண்டு ஓடினான்.

"இது இன்னா ஆட்டம்?" என்று கேட்டாய்.

"அமெரிக்கா புட்பால்" என்றான் கடைக்காரன்.

"கைல வச்சிக்கினு ஓட்றான். இன்னாத்துக்கு புட்பால்?"

"வாங்கறவன் ஒருத்தனும் இத கேக்கல" என்றான் அவன்.

பில் கிடையாது. பில் இல்லாத வெளிநாட்டுச் சாமான் பிடிபட்டால் சாமானோடு நாமும் போவோம். டிவி கம்பெனி நமக்கு ஏஜென்சி தர அடுத்த வாரம் ஆள் அனுப்புவதாக இருந்தது. ஒரு கேஸ் விழுந்தால் ஏஜென்சி இல்லை, கடை இல்லை. இதெல்லாம் எனக்குக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. சித்தூர் பஸ் ஆந்திர எல்லையில் செக்போஸ்ட்டில் நிற்கும், ஏறிப் பார்ப்பார்கள். "திரும்பிக் குடுத்துட்டு வந்துடலாம்" என்றேன். நீ வெளியே போனாய். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தண்ணீரில் நனைத்த வேட்டித் துண்டோடு வந்தாய். ஈரத்தோடு அது மணத்தது.

"பாதிரி, இன்னா பண்றே?"

"கம்முனு இரு யாவாரி. உங்க சாமிக்கு ஒரு வேல குடுக்கறேன்."

பெட்டியை ஒரு ரெக்சின் பையில் போட்டு, கேசட்டையும் சேர்த்து, அதன்மேல் மஞ்சள் துணியைச் சுற்றி நான்கு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டாய். வேண்டுதல் முடிப்பு. உனக்கு அது ஒரு துணி. எனக்கு அப்படி இல்லை. ஏழுமலையான் பேரில் மஞ்சள் துணியில் ஒன்றை முடிந்துவிட்டால் அது அவன் சொத்து. வீட்டில் அதை யாரும் பிரிக்க மாட்டார்கள், அவன் சன்னதியில்தான் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி முடிந்த காசை, அடுப்பு எரியாத நாளில்கூட நைனா தொட்டதில்லை. "அவிழ்த்துடு" என்றேன். பஸ் வந்துவிட்டது.

செக்போஸ்ட்டில் ஏறியவர் நடுவயதுக்காரர், காக்கி உடை. முன் சீட்டிலிருந்து ஒவ்வொரு பையாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருத்தியின் புடவைப் பொட்டலத்தைக்கூட விடவில்லை. நம்மிடம் வந்தார். முடிப்பு என் மடியில் இருந்தது. ஈரம் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா இது?"

 நீதான் சொன்னாய், "முடிப்பு சார். மலை மேல போறோம்." பைபிள் படித்த அந்த வாயால் எவ்வளவு பக்தியாகச் சொன்னாய்.

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார். பஸ்ஸுக்குள், அத்தனை பேர் நடுவில். இரண்டு கையாலும் முடிப்பைத் தூக்கிக் கண்ணில் ஒற்றினார். தூக்கியவர் உடனே கீழே வைக்கவில்லை. அந்த நேரத்தில் என் உயிர் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார்.

"பாபு, எம்பொண்ணுக்கு நாலு வயசாவுது. இன்னும் பேச்சு வரல. வேலூர்ல காட்டினோம், லாபம் லேது. நான் எப்ப மேல போவேனோ தெரியாது. இதையும் சேத்துடு. பத்மான்னு பேரு சொல்லு."

அவரே முடிச்சின் இடுக்கில் நாணயத்தைச் செருகினார். பின்னால் யாரோ கோவிந்தா என்றார்கள். பஸ் முழுக்கக் கோவிந்தா என்றது. நீயும் சொன்னாய். 

திருப்பதிக் கடையில், கதவைச் சாத்திக்கொண்டு, நீதான் முடிச்சை அவிழ்த்தாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாணயத்தை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாய். "எப்பனா மேல போவும்போது போட்டுடு. பொட்டி நம்மது, காசு அந்தாளுது. கணக்கு சரியாப் போச்சு" என்றாய். அப்படிப் பிரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வளையல் விற்ற பணம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை மேசை மேல் தூக்கி வைத்தேன்.

அமெரிக்க மின்சாரம் வேறு என்பதால் நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தாய். கலர் வரவில்லை. படம் உருண்டது. டிவிக்குப் பின்னால் ஒரு திருகைத் திருகி நிறுத்தினாய். பட்டாணி அளவில் ஆட்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். கூட்டம் என்று ஒரு சத்தம், ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி. ஒருவன் ஓடினால் எல்லாரும் அவன் மேல் விழுந்தார்கள்.

"நம்ம தாலுக்கா ஆபீஸ் மாதிரி கீது" என்றாய். நான் சிரிக்கவில்லை.

விதிமுறை சொல்லும் புத்தகம் இல்லை. நாமே தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டோம். நீதான் பிடித்தாய்: நான்கு முறை தருகிறான், அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிராளிக்குப் போய்விடும். "நாலாவதுல முடியாதுன்னு தெரிஞ்சா ஒதைச்சி தூர தள்ளிடணும்யா. கைல வச்சிக்கினு நின்னா, நம்ம வீட்டு வாசல்லயே புடுங்கிக்குவான்." நான் ஒரு முறைகூட உதைக்கவில்லை. கடைசிவரை ஓடிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் என் வாசலிலேயே பிடுங்கிக்கொண்டாய். "யாவாரிக்கு கைய விட்டு ஒன்னும் போவாது" என்று சிரிப்பாய். ஒவ்வொரு முறை குனியும்போதும் நாணயம் என் மார்பில் இடித்தது. ராத்திரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாலும் இடித்தது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், பாதிக் கதவு திறந்திருந்தது. நீ உள்ளே ஆடிக்கொண்டிருந்தாய். தூசி படியக் கூடாதென்று டிரான்ஸ்பார்மர் மேல் அந்த மஞ்சள் துணியைப் போட்டு வைத்திருந்தோம். வாசலில் நிழல் தட்டியது. வெள்ளைச் சட்டையில் இருந்ததால் செக்போஸ்ட்காரரை முதலில் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் மனைவி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"லீவு கெடச்சுது. மேல போறோம். டிவி சத்தம் கேட்டு பாப்பா கைய நீட்டிச்சு, அதான் நின்னோம்" என்றவர், என்னைப் பார்த்தார். அப்புறம் உன்னை. அப்புறம் துணியை.

நீ ஆட்களை ஓட்டும் கைக்கட்டையைக் கீழே வைத்தாய். திரையில் உன் ஆட்கள் அசையாமல் நின்றார்கள். இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். கடை, ஏஜென்சி, வளையல், உன் தோப்பு எல்லாம் அந்தப் பாதிக் கதவு வழியாக வெளியே போவது எனக்குத் தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "அன்னிக்கே தூக்கிப் பார்த்தேன். இத்தினி வருசம் தூக்கறவன், கனம் தெரியாதா எனக்கு?"

"சார்" என்றாய்.

"முடிச்சு போட்டாச்சு. அப்பால அது அவருது. நான் யாரு தொடறதுக்கு?" துணியைக் காட்டினார். "நீங்க யாரு, அவுக்கறதுக்கு?"

மனைவி எதுவும் புரியாமல் நின்றாள். குழந்தை திரையைப் பார்த்து வாயைத் திறந்து மூடியது. சத்தம் எதுவும் வரவில்லை. "சேத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

போலீஸ் பயம் அந்த நிமிடமே போய்விட்டது. அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. நீ சுவிட்சை அணைத்தாய். "எடு" என்றாய். "எல்லாத்தையும் எடு. இது நாலாவது முறை, ஒதைச்சி தள்ளிடணும்." நீயே மறுபடி முடிந்தாய்.  துணியின் முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

மேலே தரிசன வரிசையின் வாசலில் காவலாளி அவ்வளவு பெரிய பெட்டியை உள்ளே விடமாட்டேன் என்றான். அதற்குமேல் நீ வருவதாகவும் இல்லை. பெட்டியை வெளியே எடுத்து நீ மார்போடு அணைத்துக்கொண்டாய். கேசட்டையும் நாணயத்தையும் மட்டும் மஞ்சள் துணியில் வைத்துக் கொடுத்தாய். "பத்மா. மறக்காத" என்றாய். நீ ஒரு தூணோரம் ஒதுங்கி, கண்ணை மூடி உதட்டை அசைத்ததைத் திரும்பிப் பார்த்தேன். யாரிடம் வேண்டினாய் என்று நான் கேட்டதில்லை.

உள்ளே கோவிந்தா சத்தம் சுவர்களில் மோதி ஒரே இரைச்சலாக வந்தது. அது அந்த ஆட்டத்துக் கூட்டத்தின் சத்தமேதான்.  உண்டியல் துணிக்குள் கையை விட்டு, பேரைச் சொல்லி முடிப்பைப் போட்டேன். இரும்புச் சட்டி மாட்டிய அந்த அமெரிக்கத் தடியன் தேங்காயோடு பெருமாளிடம் போய்ச் சேர்ந்தான். எண்ணுகிறவர்கள் அதைப் பிரித்து என்ன நினைத்தார்களோ.

மறுநாள் கடை திறந்தோம். தூர்தர்ஷனில் உழவர் நிகழ்ச்சி ஓடியது. அதற்கே கூட்டம் நின்றது. கேசட் இல்லாத பெட்டியை விற்க நீ விடவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் அது பரண் மேல் இருக்கிறது. பாதி முடிப்புதானே சேர்ந்தது என்று நான் முனகும்போதெல்லாம், "ஒதைச்சது ஒதைச்சதுதான், வுடு யாவாரி" என்பாய். அப்படிச் சொல்கிற நீதான் ஒவ்வொரு முறை வேலூர் போய் வரும்போதும் செக்போஸ்ட்டில் இறங்கி, பீடி பற்ற வைப்பது போல அவர் இருக்கிறாரா என்று பார்ப்பாய். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வந்து தலையை மட்டும் அசைப்பாய். 

அந்தக் கடையிலிருந்து மூன்று கடை ஆயிற்று. எதற்கும் பயப்படாதவன் என்று ஊரில் எனக்குப் பேர். ஆனால் பத்மாவுக்கு இப்போது இருக்கக்கூடிய வயதில் ஒரு பெண் கடைக்குள் வந்து, எதையாவது கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றால், எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அவள் வாயைத் திறந்து விலை கேட்கும்வரை நிற்கிறது. முன்பு அந்த நேரத்தில் நீ ரிப்பேர் மேசையிலிருந்து தலையைத் தூக்குவாய். நாம் இரண்டு பேரும் காத்திருப்போம். இப்போது நான் மட்டும் காத்திருக்கிறேன்.